ஃபியூஸ் மரைக்காயர் பையில் இருந்தது

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் மட்பாண்டத் தொழில் நிலையத்தின் விதி அப்படி. கல்யாணமான பெண் மாதச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். மார்கழியோடு என் சாவிக்கொத்தை ஒப்படைக்க வேண்டும்.

எனக்குப் பின் வருகிறவர்கள் இரண்டு பெண்கள். இருவரும் தொழிற்பள்ளியில் படித்தவர்கள், கெட்டிக்காரிகள். மின்சாரச் சக்கரம் நின்றுபோனால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். பதினாறு குறிப்பு எழுதினேன். பதினேழாவதை ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

நான் சைகோனில் பிறந்தவள். அப்பா அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தார். அங்கேயே ஒரு பிரெஞ்சுத் தொழிற்பள்ளியில் மின்சாரப் பிரிவில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மூன்று வருஷம் ஒயர் சுற்றினேன், மோட்டார் பிரித்தேன், கையில் சூடு பட்டுக்கொண்டேன். சண்டை பெருத்ததும் குடும்பத்தோடு கப்பலேறிக் காரைக்காலுக்கு வந்துவிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன மறு வருஷம் இந்த நிலையம் திறந்தது. மோட்டார் பார்க்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு வேலை கிடைத்தது.

நிலையம் ஊருக்கும் காரைக்கால்மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. காற்று கிழக்கே இருந்து அடித்தால் மீன் ஏலத்தின் கூச்சல் பட்டறைக்குள் கேட்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. இந்த உப்பை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும். நெடுங்காட்டு ஏரியிலிருந்து மண் வண்டியில் வரும். நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் தையல் மிஷின் மோட்டாரைப் போல, ஆனால் பெரியதாக, கரி பிரஷ் வைத்த மோட்டார். காலால் ஒரு மிதியை அழுத்த அழுத்த வேகம் கூடும். காலை எடுத்தால் நிற்கும். மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் மேலே சக்கரத் தட்டைச் சுற்றும்.

இந்த மோட்டாரின் குணம் ஒன்று. பாரம் இல்லாமல் விட்டால் வேகத்துக்கு எல்லை கிடையாது. முதல் வருஷம் ஒருநாள் ஒன்றாம் நம்பரின் பெல்ட் அறுந்தது. மோட்டார் அலறத் தொடங்கியது. அதை மிருகத்தின் சத்தம் என்றும் சொல்ல முடியாது, இயந்திரத்தின் சத்தம் என்றும் சொல்ல முடியாது. குயவர் சிங்காரம் களிமண் கையோடு வாசல்வரை ஓடிவிட்டார். நான் மெயினை அணைத்தேன். சத்தம் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு பெருமூச்சைப் போல ஓய்ந்தது. "மெக்கானிக்கம்மா, உள்ள யாரையோ வச்சுப் பூட்டியிருக்கீங்க" என்றார் சிங்காரம். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு யாரும் அந்த மோட்டார் பெட்டியின்மேல் சட்டையைக் கழற்றிப் போடவில்லை.

என் மேலதிகாரி ஹமீது மரைக்காயர். கப்பல் இன்ஜின் அறையில் இருபது வருஷம் இருந்தவர். பழுது என்று கூப்பிட்டால் உடனே தொட மாட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, முதலில் கேட்பார். பட்டறையில் எப்போதும் மரக்கட்டை மிதியடி. அவர் வருவது தூரத்திலிருந்தே டக் டக்கென்று தெரியும். அவருடைய முறை இது, ஒருநாளும் மாறியதில்லை:

சுவிட்சை அணை. ஃபியூஸைப் பிடுங்கு. பிடுங்கின ஃபியூஸைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையின்மேல் ஒரு தட்டு. பிறகுதான் கை உள்ளே போகும்.

"ஃபியூஸ் பலகையில இருந்தா எவனாவது திரும்ப மாட்டிப்புடுவான். எம் பையில இருந்தா எம் மௌத்துக்கு நானே பொறுப்பு" என்பார். மௌத்து என்றால் சாவு.

மாலையில் கதவைப் பூட்டும்போது எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பார். "பத்தும் பத்திரமா?" விரல்களைத்தான் கேட்கிறார். நாங்கள் கைகளை விரித்துக் காட்டிவிட்டுப் போவோம். என்னை மட்டும் சைகோன் மரியாதைக்காகப் பிரெஞ்சு முறையில் "மத்மோசேல், பத்தும் பத்திரமா?" என்பார்.

மூன்றாம் நம்பர் சக்கரம் கோவிந்தசாமியுடையது. நிலையத்தில் அவர் கைதான் நிதானமான கை. அவர் மனைவி பாக்கியம் அங்கேயே தினக்கூலிக்கு மண் மிதிக்கும் வேலை பார்த்தார். கோவிந்தசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைச் சக்கரத்தின் காலடியில் ஊற்றுவார். அவர் குடும்பத்தின் பழைய சக்கரம் தரையில் பதித்த கல் முளையில் சுற்றுவது. நாள் முழுக்கச் சுற்றிச் சூடேறின முளைக்குத் தண்ணீர் காட்டாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். மின்சாரச் சக்கரத்துக்கு முளை கிடையாது. அவர் அதற்கும் ஊற்றினார். தண்ணீர் தரையில் வெட்டிய காடி வழியாக ஓடி, வெளியே மண்ணில் புதைத்த இரும்புக் குழாயில் இறங்கிவிடும். நான் தடுக்கவில்லை.

ஓர் ஆவணி மாதம் கோவிந்தசாமி மார்வலியால் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம்வரை மூன்றாம் நம்பர் சும்மா இருந்தது. சக்கரம் சும்மா இருக்கும் நாள் எனக்கு அருமையான நாள். வராந்தா மெயின் பலகையிலிருந்து மூன்றாம் நம்பரின் சுவிட்சும் ஃபியூஸும் இருக்கும் சுவர்ப் பெட்டிவரை வரும் ஒயர் உப்புக் காற்றில் பொரிந்துபோயிருந்தது. அதைக் கழற்றிவிட்டுச் சென்னையிலிருந்து வந்த புது ஒயரை இழுத்தேன். மிதியை அழுத்திப் பார்த்தேன். ஓடியது. நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

பாக்கியம் பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினார். மூன்றாம் நம்பரில் சிங்காரத்தை உட்காரச் சொன்னோம். ஒரு வாரம் ஓட்டினார். ஒரு மாலை தட்டைத் துடைக்கப் போனவர் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"எறும்பு கடிக்குதுங்க."

"இரும்புல ஏது எறும்பு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஓடறப்ப ஒண்ணுமில்ல. நின்னா கடிக்குது. செத்துப்போன பெரியவருக்கு நான் உக்காந்தது புடிக்கல, அவ்வளவுதான். நான் பழைய எடத்துக்கே போறேன்."

மறுநாள் காலையில் பார்த்தேன். காய்ந்த தரை, காய்ந்த இரும்பு. எதுவும் கடிக்கவில்லை. சிங்காரத்தின் பயம் என்று நோட்டில் எழுதினேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அதன் பிறகு மூன்றாம் நம்பரில் யாரும் உட்காரவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். பாக்கியம் மட்டும், வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்தே, மாலையில் எல்லோரும் கைகால் கழுவப் போன பிறகு, கணவர் செய்ததைப் போல ஒரு செம்புத் தண்ணீரை அதன் காலடியில் ஊற்றிவிட்டுச் சிறிது நேரம் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

வருஷத் திதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, குறடை மறந்துவிட்டேன் என்று மாலை ஐந்தரை மணிக்குப் பட்டறைக்குள் திரும்பிப் போனேன். மேற்கு ஜன்னலில் வெயில் இருந்தது. பாக்கியம் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சாக்கு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக அல்ல. யோசித்துக்கொண்டே சுற்றுவதைப் போல. மிதியில் யாருடைய காலும் இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மோட்டாருக்குள் தாழ்ந்த ஒரு முனகல் கேட்டது. பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "சத்தம் போடாதீங்க மெக்கானிக்கம்மா" என்றார்.

சற்று நேரத்தில் அவர் சக்கரத்தைப் பார்த்து, "போதும்ங்க" என்றார். சக்கரம் தளர்ந்து நின்றது.

 

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"பதினேழாம் நாளிலேருந்து. தண்ணி காட்டினா வருவாங்க. போதும்னா போயிருவாங்க. உசுரோட இருந்தப்ப இவ்வளவு சொல்பேச்சு கேட்டதில்ல." சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் இன்னும் தொடலைங்க. எங்க வழக்கத்துல செத்தவங்க சக்கரத்த வருஷம் திரும்பறவரைக்கும் பொஞ்சாதி தொடக் கூடாது. நாளன்னிக்கு மறுநாள் திதி. அன்னிக்குச் சுத்தறப்ப ரெண்டு கையையும் வச்சுப் பாக்கப் போறேன்."

அன்று வீட்டில் ஒரு தாளில் எழுதினேன்: சுவிட்ச் அணைந்திருக்கிறது. மிதி மேலே இருக்கிறது. ஆனாலும் சுற்றுகிறது. கோவிந்தசாமி தண்ணீர் ஊற்றிய காலத்தில் சுற்றவில்லை. அவர் இறந்த பதினேழாம் நாளிலிருந்து சுற்றுகிறது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் சுற்றுகிறது. "போதும்" என்றால் நிற்கிறது. எதிரே காரணம் எழுத இடம் விட்டேன். அந்த இடம் முழுவதும் வெறுமையாக இருந்தது.

மறுநாள் காலை மூன்றாம் நம்பரைச் சோதித்தேன். காய்ந்திருந்தது. சுவிட்ச் சரி. மிதி சரி. பெல்ட் சரி. மோட்டாரிலிருந்து மிதிக்குப் போகும் கம்பியின் ஓர் இணைப்பு சக்கரத்தின் இரும்புக் காலை ஒட்டிக் காடிக்குள் கிடந்தது. துணி டேப் பழசு, ஆனால் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மரைக்காயரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அவ தண்ணி ஊத்தறப்ப நானும் வர்றேன். முறைப்படி பாப்போம்" என்றார்.

மறுநாள் மாலை மூவரும் இருந்தோம். மரைக்காயர் சுவிட்சை அணைத்தார். ஃபியூஸைப் பிடுங்கினார். பையில் போட்டார். பையின்மேல் தட்டினார்.

"ஊத்தும்மா."

பாக்கியம் ஊற்றினார். தண்ணீர் காடியில் ஓடி, சுவரோரம் திரும்பி, குழாயில் இறங்கியது. முனகல் கேட்டது. சக்கரம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது, சுற்றத் தொடங்கியது.

மரைக்காயரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. ஃபியூஸை வெளியே எடுத்துப் பார்த்தார். பீங்கான் பிடி, உள்ளே செம்புக் கம்பி, எல்லாம் அவர் உள்ளங்கையில். "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். சக்கரத்தை நிறுத்தப்போகிறவரைப் போல ஓர் அடி முன்னால் வைத்துக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"ஃபியூஸ் எங்கிட்ட இருக்கும்மா."

"நின்னா கடிக்குதுன்னு சிங்காரம் சொன்னாருங்க. சுவிட்ச் இப்ப அணைஞ்சுதான் இருக்கு. கையைப் பின்னால எடுங்க."

எடுத்தார். நான் சோதனை விளக்கைக் கொண்டுவந்தேன். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான் அது. ஒரு முனையை வெளியே குழாயில் சுற்றினேன். காய்ந்த பலகையின்மேல் ஏறி நின்று, மறுமுனையைச் சுற்றும் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

பல்பு எரிந்தது. முழு வெளிச்சம் அல்ல, அடுப்புத் தணலைப் போல ஒரு சிவப்பு. ஃபியூஸ் மரைக்காயர் கையில் இருக்க, சுவிட்ச் அணைந்திருக்க, இரும்பு அந்த விளக்குக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பாக்கியம். "விளக்கேத்துறாங்க." ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓர் அடி முன்னால் வந்தார். மரைக்காயர் தன் மிதியடிக் காலை அவருக்குக் குறுக்கே வைத்து மறித்தார். "நாளைக்குத்தானே தொடணும்? இன்னிக்கு என்ன அவசரம்?" என்றார். அவர் குரலில் விளையாட்டு இருந்தது. மறித்த காலை எடுக்கவில்லை.

நான் வராந்தாவுக்கு ஓடி மெயினை அணைத்தேன். உள்ளே முனகல் நின்றது. ஆக, வருவது மின்சாரம்தான். பலகையைத் திறந்தேன். அங்கே என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். அது எழுத்தில் இல்லை, கம்பியில் இருந்தது.

இளையவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் சைகோன் பள்ளிப் பட்டறையில் கறுப்புக் கம்பிதான் மின்சாரம் வரும் உயிர்க் கம்பி. மூன்று வருஷம் என் விரல் படித்த பாடம் அது. இந்த ஊருக்கு வரும் புது ஒயரில் சிவப்புதான் உயிர்க் கம்பி, கறுப்பு திரும்பும் கம்பி. நான் மெயின் பலகையில் பள்ளி வழக்கப்படி கறுப்பை உயிரில் கட்டியிருக்கிறேன். சக்கரத்தின் சுவர்ப் பெட்டியில் செய்தவர்களே சிவப்புப் புள்ளி வைத்திருந்ததால், அங்கே சிவப்பைச் சிவப்பில் கட்டியிருக்கிறேன். இரு முனையும் தனித்தனியே ஒவ்வொரு கணக்கில் சரி. சேர்த்தால் தலைகீழ். சோதனை விளக்கை ஒருமுறை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மோட்டார் ஓடியதே என்று விட்டுவிட்டேன்.

அதனால் ஃபியூஸ், சுவிட்ச், மிதி மூன்றும் திரும்பும் கம்பியில் மாட்டிக்கொண்டன. அவற்றை அணைத்தாலும் பிடுங்கினாலும் உயிர்க் கம்பி மோட்டாருக்குள் அப்படியே நின்றது, வெளியேற வழி தேடிக்கொண்டு. உப்புத் தண்ணீர் காடியிலிருந்த பழைய இணைப்பை நனைத்து, இரும்புக் காலைத் தொட்டு, குழாய்வரை ஓடியதும் வழி கிடைத்தது. சக்கரம் சுற்றியது. தண்ணீர் வடிந்ததும் நின்றது. சுவிட்ச் போட்டு ஓட்டும்போது மின்சாரம் திரும்பும் கம்பி வழியே போய்விடும், அணைத்தால் இரும்பில் தேங்கும், சிங்காரத்தை எறும்பு கடித்தது அப்படித்தான். ஒரு வருஷம் தினமும் பார்த்த பாக்கியத்துக்கு அது வடியும் நேரம் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. அந்த நேரத்தில் "போதும்" என்றார். கோவிந்தசாமி இறந்ததால் சக்கரம் சும்மா இருந்தது, சும்மா இருந்ததால் நான் ஒயர் மாற்றினேன். தாளில் விட்ட வெற்றிடம் எல்லாவற்றிலும் எழுத ஒரே காரணம்தான் இருந்தது. நான்.

பாக்கியம் ஒரு வருஷம் தொடாமல் இருந்தது அவர்கள் வழக்கத்தால். மறுநாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரண்டு கையையும் வைத்திருப்பார்.

மரைக்காயர் நான் சொன்னதைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. "இருபது வருஷமா இந்தப் பையைத் தட்டிட்டு உள்ள கை விட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நான்தாங்க சொல்லணும்."

பாக்கியத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கறுப்பு, சிவப்பு, தண்ணீர், குழாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"அப்ப ஒரு வருஷமா எதிரே சுத்தினது நீங்க கட்டின கம்பியா?"

"ஆமாங்க."

"நான் மகளுக்கு வரன் பாத்த கதையெல்லாம் கம்பிகிட்டயா சொன்னேன்?"



பிறகு சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டார்: "நான் தொடவே மாட்டேங்க. தூரத்துல உக்காந்துக்கறேன். அப்படியே விட்டுற முடியாதா?"

"முடியாதுங்க."

"நீங்க கட்டினதுதானே?"

"நான் கட்டினதாலதான் முடியாது."

அவர் எழுந்து, என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அன்று கதவைப் பூட்டும்போது மரைக்காயர் யாரிடமும் விரல் கணக்குக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய்க் கம்பிகளை மாற்றிக் கட்டினேன். இரண்டு முனையிலும் விளக்கு வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். அவை பழைய ஒயர், சரியாக இருந்தன. காடியிலிருந்த கம்பியை எடுத்து, சுவர்மேல் இடுப்பு உயரத்தில் ஆணியடித்துக் கொண்டுபோனேன். இரும்புக் காலிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை இழுத்துக் குழாயோடு முறுக்கினேன். வேலை முடிந்த பிறகும் திருப்தி வரவில்லை. மெயின் பலகையில் மூன்றாம் நம்பருக்கு வரும் இரண்டு கம்பியையும் கழற்றி, முனைகளை அந்தரத்தில் தொங்கவிட்டேன்.

பாக்கியம் வர மாட்டார் என்று நினைத்தேன். திதி கொடுத்துவிட்டு மாலையில் வந்தார். கையில் அதே செம்பு. என்னையும் மரைக்காயரையும் பார்த்தார். ஊற்றலாமா என்று கேட்கவில்லை. ஊற்றினார்.

தண்ணீர் காடியில் ஓடியது. சுவரோரம் திரும்பியது. குழாயில் இறங்கும் சத்தம் கேட்டது. மூவரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு கம்பியையும் நானே கழற்றியிருக்கிறேன். ஆனாலும் காது அந்த முனகலைத் தேடியது. அது வந்துவிடுமோ என்று பயந்தேனா, வர வேண்டும் என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சக்கரம் அசையவில்லை.

காடியில் தண்ணீர் வடிந்தது. கடைசி ஈரம் குழாயின் வாயை விட்டு விலகிய அந்த நொடியில், நின்றிருந்த சக்கரத்தைப் பார்த்துப் பாக்கியம், "போதும்ங்க" என்றார். பிறகு குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் தட்டின்மேல் வைத்தார். இரும்பு சில்லென்றிருந்திருக்க வேண்டும், தோள் ஒருமுறை சிலிர்த்தது. அழுத்தித் தள்ளினார். பெல்ட்டோடு சேர்ந்து சக்கரம் கனமாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மரைக்காயர் மிதியடியோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"பாக்கியம், பத்தும் பத்திரமா?"

அவர் கைகளைத் திருப்பி, விரித்து, முதலில் என்னிடம் காட்டினார்.

பதினேழாவது குறிப்பு: மூன்றாம் நம்பரின் காலடியில் தினமும் மாலை ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றப்படும். தடுக்காதீர்கள். சுவரில் ஏற்றிய கம்பி மேலேயே இருக்கட்டும்.